நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் உடலுக்குள் நடப்பது என்ன?



அறிவியல் பாடநூலில் மனித உடலை மண்டலம் மண்டலமாகப் பிரித்துப் படிக்கிறோம். ஓர் அலகில் சுவாசம், இன்னோர் அலகில் இரத்த ஓட்டம், அடுத்ததில் செரிமானம். தேர்வுக்குப் படிக்க இது வசதிதான். ஆனால் உடலுக்குள் இப்படிப்பட்ட அலகுகள் கிடையாது. நீங்கள் இதை வாசிக்கும் இந்த நொடியிலும் எல்லா மண்டலங்களும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. ஒன்று செய்வதைப் பொறுத்து மற்றொன்று தன் வேலையைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

ஓய்வாக இருக்கும்போது இந்தக் கூட்டுவேலை நம் கண்ணில் படாது. உடலுக்கு ஒரு நெருக்கடி வரும்போதுதான் அது தெளிவாகத் தெரியும். ஆகவே, இந்த வாரம் நீங்கள் எல்லாரும் அறிந்த ஒரு நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். அதுதான் ‘மெரெந்தாஸ் டேசா’ எனப்படும் பள்ளிக் குறுக்கோட்டப் போட்டி.

தூரம் 4 கிலோமீட்டர். காலை மணி ஒன்பதரை. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. இரவு பெய்த மழையால் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவர் தொடக்கக் கோட்டில் நிற்கிறார். அந்த மாணவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் உடலுக்குள் நடப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உயிரணு முதல் உடல் வரை

வளர்ந்த மனித உடலில் சுமார் 30 டிரில்லியன், அதாவது 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. அவற்றில் 200 வகைகளுக்கு மேல் உண்டு. ஒத்த உயிரணுக்கள் கூடித் திசு ஆகின்றன. பல திசுக்கள் கூடி உறுப்பு ஆகின்றன. ஒரு பணிக்காக இணைந்து இயங்கும் உறுப்புகள் மண்டலம் ஆகின்றன. மண்டலங்கள் எல்லாம் சேர்ந்ததே உடல். இந்த ஐந்து படிகளையும் நீங்கள் ஏற்கனவே படித்திருப்பீர்கள்.

இப்போது உங்கள் தொடைத் தசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தசை மண்டலத்தைச் சேர்ந்த உறுப்பு என்று அதை எழுதுவோம். ஆனால் அதற்குள் தசைத் திசு மட்டுமா இருக்கிறது? சுருங்கு என்று கட்டளை கொண்டுவரும் நரம்பு இருக்கிறது. உணவும் உயிர்வளியும் கொண்டுவரும் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. எலும்போடு பிணைக்கும் இணைப்புத் திசு இருக்கிறது. ஓர் உறுப்புக்குள்ளேயே நான்கு மண்டலங்கள் சந்தித்துக்கொள்கின்றன! கணையம் இன்னும் ஒரு படி மேல். செரிமானத்திற்கு வேண்டிய நொதிகளைச் சுரப்பதால் அது செரிமான மண்டலத்தைச் சேர்ந்தது. இன்சுலினைச் சுரப்பதால் நாளமில்லாச் சுரப்பி மண்டலத்தையும் சேர்ந்தது. மண்டலங்களுக்கு இடையே நாம் போடும் கோடுகள் படிப்பதற்காகப் போட்டவையே.

இத்தனை மண்டலங்கள் எதற்கு? குளத்தில் வாழும் அமீபாவுக்கு இவை எதுவும் தேவையில்லை. அதன் ஒரே உயிரணு நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வேண்டியதை நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேண்டாததை நீரிலேயே விட்டுவிடும். உங்கள் தொடைக்குள் ஆழத்தில் இருக்கும் ஒரு தசை உயிரணு காற்றையும் பார்த்ததில்லை, உணவையும் பார்த்ததில்லை. தன்னைச் சூழ்ந்திருக்கும் சிறிதளவு திரவம்தான் அதன் உலகம்.

19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளோட் பெர்னார்ட் இந்தத் திரவத்தை ‘அகச்சூழல்’ என்று குறிப்பிட்டார். வெளியே வெயில் அடிக்கலாம், மழை பெய்யலாம். உள்ளே இருக்கும் இந்தச் சூழல் மட்டும் பெரிதாக மாறக்கூடாது. நுரையீரல், இதயம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் கடைசியில் இந்த ஒரு வேலைக்குத்தான் உழைக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டத்துக்குப் போவோம்.

விசில் ஊதும் முன்பே

ஆசிரியர் இன்னும் விசில் ஊதவில்லை. ஆனால் உங்கள் இதயம் ஏற்கனவே வேகமாகத் துடிக்கிறது. ஓடப் போகிறோம் என்று மூளைக்குத் தெரிந்துவிட்டது. ஓய்வு நேரத்தில் இதயத்தின் வேகத்தை அடக்கி வைத்திருக்கும் நரம்பு தன் பிடியைத் தளர்த்துகிறது. வேகத்தைக் கூட்டும் நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன.

உடலில் செய்தி அனுப்ப இரண்டு வழிகள் உண்டு என்பதை இங்கே கவனியுங்கள். நரம்பு வழிச் செய்தி தொலைபேசி அழைப்பைப் போன்றது. குறிப்பிட்ட ஓர் உறுப்புக்கு நொடிக்குள் போய்ச் சேரும். ஹார்மோன் வழிச் செய்தி பள்ளிச் சபைக்கூடலில் படிக்கும் அறிவிப்பைப் போன்றது. இரத்தத்தோடு எல்லா இடங்களுக்கும் போகும். அதற்குரிய ஏற்பி உள்ள உயிரணுக்கள் மட்டுமே அதைக் கேட்டு நடக்கும். அட்ரினலின் இதயத்தைத் தொட்டால் துடிப்பு கூடும். மூச்சுக்கிளைக் குழாய்களைத் தொட்டால் அவை விரியும். கல்லீரலைத் தொட்டால் அங்கே கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை குளுக்கோஸாக வெளியே வரும். ஒரே அறிவிப்பு, மூன்று மண்டலங்களில் மூன்று வேலைகள்!

முதல் கிலோமீட்டர்: தசைகள் கேட்கின்றன

விசில் ஊதியாகிவிட்டது. தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள தசைகள் மாறி மாறிச் சுருங்குகின்றன. அவை எலும்புகளை இழுக்கின்றன. எலும்புகள் மூட்டுகளில் திரும்புகின்றன. நீங்கள் முன்னே போகிறீர்கள்.

சுருங்குவதற்கு ஆற்றல் வேண்டும். தசை உயிரணு குளுக்கோஸையும் கொழுப்பையும் உயிர்வளியோடு சேர்த்து ஆற்றலாக மாற்றுகிறது. கரிவளியும் வெப்பமும் உடன் பிறக்கின்றன. ஆகவே தசைக்கு உயிர்வளி கூடுதலாக வர வேண்டும், கரிவளி கூடுதலாக வெளியேற வேண்டும்.

மூச்சு எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதை மூளையின் அடியில் உள்ள முகுளம் தீர்மானிக்கிறது. இயங்கும் தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் நரம்புச் செய்திகள் அதைத் தூண்டுகின்றன. இரத்தத்தில் கரிவளியின் அளவையும் அது நுட்பமாகக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. உயிர்வளி குறைந்ததால்தான் மூச்சு வாங்குகிறது என்று பலர் நினைப்பார்கள். நலமாக உள்ள ஒருவரிடம் மூச்சின் வேகத்தை முதன்மையாக ஆள்வது கரிவளிதான். ஓய்வில் நிமிடத்திற்குச் சுமார் 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் வளர்ந்த ஒருவர், கடுமையாக ஓடும்போது 100 லிட்டருக்கு மேல் இழுக்க முடியும்.

நுரையீரலுக்குள் வந்த உயிர்வளியைத் தசைவரை சுமந்து செல்வது இரத்தத்தின் வேலை. வளர்ந்த ஒருவரின் இதயம் ஓய்வில் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஓடும்போது இது 20 லிட்டர்வரை உயர்கிறது.

இங்கே ஓர் அழகான ஏற்பாடு உண்டு. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அதை எந்தத் தசையில் இறக்கிவிடுவது என்று அதற்கு யார் சொல்வது? யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடுமையாக உழைக்கும் தசை சூடாக இருக்கும். அங்கே கரிவளியும் அமிலத்தன்மையும் கூடுதலாக இருக்கும். இந்த மூன்றும் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகின்றன. உழைக்கும் தசைக்கு உயிர்வளி தானாகவே கூடுதலாகக் கிடைக்கிறது. உடலின் ஒத்துழைப்பு முழுவதும் மூளையின் கட்டளையால் நடப்பதில்லை. பல இடங்களில் தேவையே கட்டளையாகிவிடுகிறது.

இரத்தம் ஒன்று, கேட்பவர்கள் பலர்

இதுவரை எல்லாம் சுமூகமாகத் தெரிகிறது. இனிதான் சிக்கல் தொடங்குகிறது.

50 கிலோகிராம் எடையுள்ள உங்கள் உடலில் இருப்பது ஏறக்குறைய மூன்றரை லிட்டர் இரத்தம். ஓடும்போது இது திடீரென்று கூடிவிடாது. இருப்பதைத்தான் பங்கிட வேண்டும். ஓய்வில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகத்தான் எலும்புத் தசைகளுக்குப் போகிறது. கடுமையான ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு அவற்றுக்குப் போகிறது. இந்தக் கூடுதல் பங்கில் ஒரு பகுதி, இதயம் வேகமாக இயங்குவதால் கிடைக்கிறது. மறுபகுதி, வேறு உறுப்புகளிடமிருந்து குறைத்து எடுக்கப்படுகிறது.

யாரிடமிருந்து? முக்கியமாக வயிறு, குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றிடமிருந்து. அவற்றுக்குச் செல்லும் குழாய்கள் சுருங்குகின்றன. ஓடுவதற்கு அரைமணி நேரத்திற்கு முன் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் வயிறு நிறையச் சாப்பிட்டவருக்கு வயிற்றைப் புரட்டுவது இதனால்தான். தேங்காய்ப்பால் கலந்த சோற்றைச் செரிக்க வயிற்றுக்கும் குடலுக்கும் இரத்தம் வேண்டும். ஓடத் தசைக்கும் இரத்தம் வேண்டும். தசை வென்றுவிடுகிறது, உணவு வயிற்றிலேயே தங்கிவிடுகிறது.

மூளையின் பங்கில் மட்டும் கைவைக்க முடியாது. ஓய்விலும் ஓட்டத்திலும் அதற்குரிய இரத்த ஓட்டம் பெரிதாகக் குறைவதில்லை. இந்த முன்னுரிமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் கிலோமீட்டர்: ஒரு சிறிய கணக்கு

தசைகளில் பிறக்கும் வெப்பத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது 1 கிலோகிராம் உடல் எடைக்கு, 1 கிலோமீட்டருக்கு, சுமார் 1 கிலோகலோரி ஆற்றல் செலவாகிறது. 50 கிலோகிராம் எடை, 4 கிலோமீட்டர் தூரம். மொத்தம் 200 கிலோகலோரி. இது ஏறக்குறைய 840 கிலோஜூல்.

தசை இந்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி நான்கு பங்கு, அதாவது சுமார் 670 கிலோஜூல், வெப்பமாகிறது.

1 கிலோகிராம் உடலின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்தச் சுமார் 3.5 கிலோஜூல் வேண்டும். 50 கிலோகிராமுக்கு 175 கிலோஜூல். 670-ஐ 175-ஆல் வகுத்தால் சுமார் 3.8.

அதாவது, பிறந்த வெப்பம் முழுவதும் உடலிலேயே தங்கிவிட்டால், 37 பாகையில் ஓடத் தொடங்கிய நீங்கள் ஓடி முடிக்கும்போது ஏறக்குறைய 41 பாகையில் இருப்பீர்கள். 40 பாகையைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் குறுக்கோட்டத்தை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். அப்படியானால் வெப்பம் எங்கே போகிறது?

வியர்வையின் வேலை

மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. தன் வழியே ஓடும் இரத்தத்தின் வெப்பநிலையை அது நேரடியாக உணர்கிறது. தோலில் உள்ள வெப்ப ஏற்பிகளும் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. வெப்பநிலை சிறிது ஏறியதுமே அது இரண்டு கட்டளைகள் இடுகிறது.

முதல் கட்டளை தோலின் இரத்தக் குழாய்களுக்கு: விரியுங்கள்! சாதாரண நேரத்தில் வளர்ந்த ஒருவரின் தோல் வழியே நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் குறைவான இரத்தமே ஓடுகிறது. கடும் வெப்பத்தில் இது 6 முதல் 8 லிட்டர்வரை உயரக்கூடும். தசைகளில் சூடான இரத்தம் தோலுக்கு வந்து வெப்பத்தை வெளியே விடுகிறது. ஓடும்போது முகம் சிவப்பதும் சூடாவதும் இதனால்தான்.

இரண்டாவது கட்டளை வியர்வைச் சுரப்பிகளுக்கு: சுரந்து விடுங்கள்! நம் தோலில் இவை 20 இலட்சத்திற்கும் மேல் உள்ளன. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்கிறது. நம் கணக்கில் வந்த 670 கிலோஜூலை வெளியேற்ற ஏறக்குறைய 280 கிராம் வியர்வை ஆவியானால் போதும். ஒரு பெரிய குவளைத் தண்ணீரின் அளவுதான்!

‘ஆவியானால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சட்டையில் ஊறி வழியும் வியர்வையிலும் பெரும்பகுதி வீண்தான். தோலில் இருந்தபடியே ஆவியாகும் வியர்வைதான் வெப்பத்தை எடுத்துச் செல்லும்.

இதன் ஆற்றலைக் காட்டும் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1774-ஆம் ஆண்டில் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் அவருடைய நண்பர்களும் அடுப்பால் சூடாக்கிய ஓர் அறைக்குள் நுழைந்தார்கள். ஒரு கட்டத்தில் அறையின் வெப்பநிலை சுமார் 127 பாகை செல்சியஸ். தண்ணீர் கொதிக்கும் நிலையைவிடவும் அதிகம். அந்த அறையில் வைத்த முட்டை வெந்தது, இறைச்சித் துண்டு வெந்தது. மனிதர்கள் மட்டும் சில நிமிடங்கள் கழித்து நலமாக வெளியே வந்தார்கள். அவர்களுடைய உடல் வெப்பநிலை பெரிதாக ஏறவில்லை. காற்று மிகவும் உலர்ந்திருந்ததால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிக்கொண்டிருந்தது. முட்டைக்கும் இறைச்சிக்கும் அந்த வசதி இல்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை. 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் அது பதிவானது. பிளாக்டனின் அறையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நம் காற்றில் எப்போதும் நீராவி நிறைந்திருக்கிறது. ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை மெதுவாகத்தான் ஆவியாகும். மழை பெய்து ஓய்ந்த காலையில், 31 பாகை வெப்பத்தில்கூட, வியர்வை ஆறாக வழிந்தும் உடல் குளிராமல் போகலாம்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் வெப்ப எச்சரிக்கையில், ஓர் இடத்தின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 பாகைவரை இருந்தால் முதல் நிலை அறிவிக்கப்படும். இது காற்றின் வெப்பநிலையை வைத்துச் சொல்வது. சிங்கப்பூரில் 2023 முதல் ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவை வைத்து வெளிப்புற நடவடிக்கைகளுக்கு ஆலோசனை வழங்குகிறார்கள். ‘இன்று எச்சரிக்கை எதுவும் இல்லையே’ என்பது மட்டும் உங்கள் உடலுக்குப் போதுமான உறுதி ஆகாது.

மூன்றாம் கிலோமீட்டர்: இழுபறி

இப்போது உங்கள் உடலில் ஒரு பெரிய இழுபறி நடக்கிறது. உயிர்வளிக்காகத் தசை இரத்தத்தைக் கேட்கிறது. வெப்பத்தை வெளியேற்றத் தோலும் இரத்தத்தைக் கேட்கிறது. இதற்கிடையே, வியர்வைக்கான நீர் எங்கிருந்து வருகிறது? அதே இரத்தத்தின் நீர்மத்திலிருந்துதான்! கேட்பவர்கள் கூடக் கூட, பங்கிட வேண்டிய பொருள் குறைகிறது.

இரத்தத்தின் அளவு குறைந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் அளவும் குறையும். அதை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. அதே வேகத்தில்தான் ஓடுகிறீர்கள்; ஆனால் முதல் கிலோமீட்டரைவிட மூன்றாவதில் நெஞ்சு அதிகமாக அடித்துக்கொள்கிறது. காரணம் இதுதான்.

சிறுநீரகம் இங்கே அமைதியாகக் கைகொடுக்கிறது. இரத்தம் செறிவடைவதை உணரும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி வழியே வாசோபிரெசின் என்ற ஹார்மோனை வெளியிடச் செய்கிறது. நீரை வெளியே விடாதே, இரத்தத்திற்கே திருப்பி அனுப்பு என்பது அது சிறுநீரகத்திற்குச் சொல்லும் செய்தி. கூடவே உங்களுக்குத் தாகமும் எடுக்கிறது. அதாவது தண்ணீர்ப் புட்டியை நோக்கிக் கை நீட்டும் உங்கள் செயலும் இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதிதான். ஓட்டத்திற்குப் பிறகு சிறுநீர் அடர்மஞ்சளாகவும் குறைவாகவும் போவது சிறுநீரகம் நீரைச் சிக்கனப்படுத்தியதற்கு அடையாளம்.

இப்படி எல்லாத் திசைகளிலிருந்தும் இழுத்துப் பிடித்து அகச்சூழலை நிலையாக வைத்திருப்பதற்கு 1926-ஆம் ஆண்டில் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்று பெயரிட்டார். தமிழில் அகச்சமநிலை என்கிறோம். அறையில் உள்ள குளிரூட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 25 பாகை என்று அமைத்துவிட்டால், சூடு ஏறியதும் அது இயங்கும், குளிர்ந்ததும் அடங்கும். மாற்றத்திற்கு எதிர்த் திசையில் செயல்பட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதால் இதை எதிர்மறைப் பின்னூட்டம் என்கிறோம். வெப்பம் ஏறினால் வியர்ப்பதும், நீர் குறைந்தால் சிறுநீர் குறைவதும் இதே வகைதான்.

ஒத்துழைப்பு உடையும்போது

இனி நாம் பார்க்கப்போவது இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதி.

ஒருவர் காய்ச்சல் முழுதாக ஆறாமலேயே ஓட வந்திருக்கிறார். அல்லது நீர் போதுமான அளவு அருந்தவில்லை. அல்லது களைத்த பிறகும் நண்பர்களிடம் தோற்கக்கூடாது என்று வேகத்தைக் குறைக்காமல் ஓடுகிறார். இரத்தத்தின் அளவு மேலும் குறைகிறது. இப்போது உடல் முன்னுரிமைப் பட்டியலைப் பார்க்கிறது. மூளைக்குப் போகும் இரத்தத்தின் அழுத்தம் குறையக்கூடாது. அதைக் காப்பாற்றத் தோலின் இரத்தக் குழாய்கள் சுருக்கப்படுகின்றன.

இதனால் என்ன ஆகும்? வெப்பம் வெளியேறும் வாசல் பாதி மூடிக்கொள்கிறது. தசைகளோ இன்னும் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. உடல் சூடாகிறது. நெடுநேரம் இரத்தம் குறைந்து கிடந்த குடலின் சுவர் பலவீனமடைந்து, குடலில் மட்டுமே இருக்க வேண்டிய பாக்டீரியாவின் நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கசியத் தொடங்கலாம். நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுகிறது. ஒன்றையொன்று தாங்கிய மண்டலங்கள் இப்போது ஒன்றையொன்று கீழே இழுக்கின்றன.

தொடக்க நிலையை வெப்பச் சோர்வு என்கிறோம். தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த களைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே ஓட்டத்தை நிறுத்தி, நிழலுக்குப் போய், நீர் அருந்தி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உடலின் உள்வெப்பநிலை 40 பாகையைத் தாண்டி, மூளையின் செயலும் தடுமாறினால் அது வெப்பவாதம். மலாய் மொழியில் ‘ஸ்ட்ரோக் ஹாபா’ என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். இதில் உயிர் போகும் ஆபத்து உண்டு.

மூளைதான் உடலின் மண்டலங்களை ஒருங்கிணைக்கிறது. எனக்கு உடம்பு சரியில்லை என்று உணர்வதும் அதே மூளைதான். வெப்பவாதத்தில் பாதிக்கப்படுவது அந்த மூளையே. ஆகவே பாதிக்கப்பட்டவருக்குத் தனக்கு ஆபத்து என்பது தெரியாமலே போகலாம். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டே அவர் தொடர்ந்து ஓட முயலலாம். அவரைக் காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் ஓடும் நீங்கள்தான்.

என்னென்ன கவனிக்க வேண்டும்? நண்பர் தள்ளாடுகிறாரா? பொருத்தமில்லாமல் பேசுகிறாரா? வழக்கத்திற்கு மாறாகக் கோபப்படுகிறாரா? எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்கிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே நிறுத்துங்கள். வெப்பவாதம் வந்தால் வியர்வை நின்று தோல் உலர்ந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். ஓடும்போது வரும் வெப்பவாதத்தில் தோல் வியர்வையால் நனைந்தே இருக்கலாம். ‘வியர்க்கிறதே, பயமில்லை’ என்று விட்டுவிடாதீர்கள்.

உடனடியாக ஆசிரியரை அழையுங்கள். 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள். மருத்துவ வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், கூடுதல் உடைகளைத் தளர்த்தி, குளிர்ந்த நீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். பயன் இல்லை. காய்ச்சலில் ஹைப்போதலாமஸ் தானே தன் அமைப்பை 37-இலிருந்து மேலே உயர்த்திக்கொள்கிறது. மாத்திரை அதைக் கீழே இறக்குகிறது. வெப்பவாதத்தில் அமைப்பு மாறவே இல்லை. அது 37 என்றே இருக்கிறது; உடல்தான் அதை எட்ட முடியாமல் தவிக்கிறது. நீரும் காற்றும் பனிக்கட்டியும்தான் இங்கே மருந்து.

நான்காம் கிலோமீட்டரும் அதன் பிறகும்

நீங்கள் வேகத்தை அளவாக வைத்து ஓடினீர்கள், முடிவுக்கோடு வந்துவிட்டது. கோட்டைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடாதீர்கள். ஓடும்போது கால் தசைகள் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சிரைகளில் உள்ள வால்வுகள் அதைக் கீழே விழாமல் தடுக்கின்றன. தசைகள் இதயத்திற்குத் துணைப் பம்பாக வேலை செய்கின்றன என்று சொல்லலாம். திடீரென்று நின்றால் இந்தப் பம்பு நின்றுவிடும். விரிந்திருக்கும் குழாய்களில் இரத்தம் காலிலேயே தேங்கும், மூளைக்குப் போகும் இரத்தம் குறையும், மயக்கம் வரும். ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடலை ஆறவிடுங்கள்.

பயிற்சியும் உடலை மாற்றும். வெயிலில் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டிப் பயிற்சி செய்தால், ஏறக்குறைய இரண்டு வாரங்களில் இரத்தத்தின் நீர்மம் கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையில் உப்பும் குறைகிறது. ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் இருந்துவிட்டுப் போட்டி நாளன்று மட்டும் ஓடும் உடலுக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடைப்பதில்லை. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்கச் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு அறிவியல் இருக்கிறது.

அடுத்த முறை தேர்வில் ‘இரத்த ஓட்ட மண்டலத்தின் பணிகள் யாவை?’ என்ற கேள்வி வந்தால் பட்டியலை எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். எழுதும்போதே, ஒவ்வொரு பணியும் வேறு எந்த மண்டலத்திற்காகச் செய்யப்படுகிறது என்று ஒரு நொடி யோசித்துப் பாருங்கள். தனக்காக மட்டும் உழைக்கும் மண்டலம் ஒன்றுகூட உடலில் இல்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

செய்து பார்ப்போம்

1. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி, அதை இரண்டால் பெருக்குங்கள்.
2. செகாக் உடற்பயிற்சிச் சோதனையில் செய்வதுபோல் ஒரு படியில் மூன்று நிமிடம் ஏறி இறங்குங்கள். முடித்ததும் மீண்டும் எண்ணுங்கள்.
3. பிறகு ஒவ்வொரு நிமிடமும் எண்ணி, துடிப்பு பழைய நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று வரைபடம் வரையுங்கள்.
4. இதையே ஒரு நாள் மின்விசிறிக் காற்றிலும், மற்றொரு நாள் மின்விசிறி இல்லாமலும் செய்து ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் அதற்கு எந்தெந்த மண்டலங்கள் காரணம் என்று எழுதுங்கள்.

காய்ச்சல், ஆஸ்துமா, இதயக் குறைபாடு உள்ளவர்கள் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

சிந்திப்போம்

1. 60 கிலோகிராம் எடையுள்ள மாணவர் 3 கிலோமீட்டர் ஓடுகிறார். அவர் உடலில் பிறக்கும் வெப்பம் எவ்வளவு? அதை வெளியேற்ற எத்தனை கிராம் வியர்வை ஆவியாக வேண்டும்?
2. நெகிழித் துணியாலான காற்றுப் புகாத மேற்சட்டை அணிந்து ஓடினால் எடை குறையும் என்று உங்கள் நண்பர் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?
3. சிறுநீரகம் ஓட்டத்தில் நேரடியாகப் பங்கெடுப்பதில்லை. ஆனால் அது வேலை செய்யாவிட்டால் ஓட்டம் ஏன் ஆபத்தாகும்?

மூன்றுக்கும் விடை காணத் தேவையானவை இந்தப் பாடத்திலேயே உள்ளன. நண்பர்களோடு சேர்ந்து முயன்று பாருங்கள்!